பேர் இல்லாத புகார்

அந்த மூட்டைய கால்கிட்ட தள்ளி வெச்சுக்கப்பா. பாப்பாவ நடுவுல உக்கார வெய்யி. பயப்படாத கண்ணு, நான் ஒண்ணும் கடிச்சுட மாட்டேன். வாத்தியார்தான். ரிடையர்டு வாத்தியார். தீனதயாளன்னு பேரு. போளூர்ல தீனதயாளன் சார் வீடு எதுன்னு கேட்டா பஸ் ஸ்டாண்டுல பூ விக்கறவ கூடக் காட்டுவா. இப்பவும் காட்டறா. காட்டிட்டு சிரிக்கறாளாம். அதான் தாங்கல எனக்கு.

நீ மலைக்காரன்தானே? பார்த்தாலே தெரியுது. மேல்கொட்டாய்னு ஒரு ஊரு தெரியுமா உனக்கு? ஜமுனாமரத்தூர்ல பஸ்ஸ விட்டு எறங்கி ஜீப்பு புடிக்கணும்னாங்க. ஓ, அதுக்கப்புறமும் நடக்கணுமா? நடக்கறேன். முட்டி தேஞ்சு போச்சு, டாக்டர் மாடிப்படியே ஏறாதீங்கன்னு சொல்லியிருக்காரு. மலையே ஏறப் போறேன் பாரு. ஒருத்திய ஜெயில்ல தள்ளணும், இன்னொருத்திக்கு வேலைய காலி பண்ணணும். அது ரெண்டும் நடக்கற வரைக்கும் எனக்கு தூக்கம் கெடையாது, சோறு எறங்காது.

பாப்பா, பிஸ்கட்டு திங்கறியா? இந்தா. வாங்கிக்கம்மா. கூச்சப்படுது. அப்படித்தான் இருந்தா அவளும், வந்த புதுசுல.

பொம்மி. எங்க வீட்ல வளர்ந்த பொண்ணு. ஜெயிலுக்குப் போகப் போறவ அவதான். அவ அப்பன் தேன் எடுக்க பாறைல ஏறி விழுந்து செத்துட்டான். எங்க ஸ்கூல் வாட்ச்மேன் மூலமா அவ ஆத்தா கூட்டிட்டு வந்தா. பொண்ணுக்கு எட்டு வயசு இருக்கும். மூக்கு ஒழுகிட்டு, தலை எல்லாம் சிக்கு புடிச்சு, எங்க வீட்டு வாசல்ல செருப்புக்குப் பக்கத்துல ஒக்காந்திருந்தா. என் சம்சாரம் வேதவல்லி மூக்கைச் சுளிச்சா. நான்தான் சொன்னேன், இருக்கட்டும், ஒரு உசுரக் காப்பாத்தின புண்ணியம் நமக்குன்னு. அந்த ஆத்தாகாரி வீட்டுக்கு ஓடு போட்டுக் குடுத்தவன் நானு. பள்ளிக்கூடத்துல சேத்து விடறேன்னு வாக்கு குடுத்தேன். சேத்தும் விட்டேன். ரெண்டு மாசம் போனா. அந்த வருஷம் என் பொண்ணு ஹேமலதாவுக்கு ப்ளஸ் டூ. வீட்ல கை ஒத்தாசைக்கு ஒரு ஆள் இல்லாம முடியல. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு இருந்தோம். அடுத்த வருஷம் ஹேமாவுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங். அப்படியே போயிடுச்சு. அவளுக்கும் படிப்பு மேல அவ்வளவு நாட்டம் இல்லன்னுதான் நினைக்கறேன். ஒரு நாள் கூட வாய் தொறந்து கேக்கலியே.

நீ கேட்டுப் பாரு போளூர்ல, எப்படி வெச்சிருந்தோம்னு. மகளாட்டம். ஹேமா போட்டுக் கழிச்ச துணி எல்லாம் புதுசு மாதிரி இருக்கும், அத்தனையும் அவளுக்குத்தான். தட்டு தனிதான், ஆனா நல்ல எவர்சில்வர் தட்டு. படுக்கறது சமையல்கட்டு, ஆனா ஹால் ஃபேன் காத்து அங்க நல்லா வரும். நானே ஒரு மத்தியானம் படுத்துப் பார்த்திருக்கேன். பெரிய மனுஷி ஆனப்ப கூட வேதவல்லி தலைக்குத் தண்ணி ஊத்தி, தோடு போட்டு, புட்டு சுத்தி, எல்லாம் பண்ணா. எவன் பண்ணுவான்? சொல்லு. வேலைக்காரிக்கு எவன் சடங்கு சுத்துவான்?

வேலைக்காரின்னு சொல்லிட்டேன் பாரு. அது ஒரு பேச்சுக்கு. மகளாட்டம்தான்.

சரி, இன்னொருத்தி. அவ பேரு செந்தாமரை. எங்கிட்ட படிச்சவ. உனக்கு இதுல ஒண்ணு புரியணும். ரிடையர் ஆனதுக்கப்புறம் நான் டுடோரியல்ல வரலாறு எடுத்துக்கிட்டிருந்தேன். குரூப் டூ, ஆசிரியர் தேர்வு, எல்லாத்துக்கும். அதுல என் பேரு எதுக்குத் தெரியுமா? அமெரிக்க உள்நாட்டுப் போர். அந்த ஒரு பாடத்துக்கு ஆரணியிலேருந்து பஸ் ஏறி வருவானுங்க. நான் அந்தப் பாடம் எடுத்தா பொண்ணுங்க கண்ணைத் தொடைச்சுப்பாங்க. பசங்க பெஞ்சைத் தட்டுவானுங்க. செந்தாமரை முதல் வரிசைல ஒக்காந்து தேம்பித் தேம்பி அழுதவ. அன்னிக்கே எனக்குப் பட்டிருக்கணும், இவ்வளவு அழறவ நல்லவளா இருக்க மாட்டான்னு.

நீ சிரிக்கற. உனக்கும் சொல்றேன், கேளு. மலை ஏற இன்னும் நேரம் இருக்கு. அமெரிக்கான்னு ஒரு தேசம். அதுல வடக்கு ஒரு பக்கம், தெற்கு ஒரு பக்கம். ஒரே வீட்டு அண்ணன் தம்பி மாதிரி வெச்சுக்கயேன். வடக்கத்திக்காரன் ஃபேக்டரி போட்டான். தெக்கத்திக்காரன் பருத்தி போட்டான். பருத்தி எடுக்க ஆள் வேணும் இல்ல? ஆப்பிரிக்காவுலேருந்து மனுஷங்கள கப்பல் அடித்தட்டுல அடுக்கிக் கொண்டாந்தான். நம்ம மாட்டுச் சந்தை பார்த்திருக்க இல்ல, அது மாதிரி நிக்க வெச்சு, வாயைத் தொறந்து பல்லைப் பார்த்து வித்தான். வாங்கினவன் என்ன சொல்றானோ அதுதான் அவனுக்குப் பேரு. பொறந்த பேரு போச்சு. ஆத்தா ஒரு ஊருல, புள்ள ஒரு ஊருல.

இதுல தெக்கத்திக்காரன் என்ன நியாயம் பேசினான் தெரியுமா? "நாங்க எங்க வீட்டுப் புள்ளைங்க மாதிரி வெச்சிருக்கோம். சோறு போடறோம், துணி குடுக்கறோம், காய்ச்சல்னா வைத்தியம் பாக்கறோம். விட்டா கூட அவங்க போக மாட்டாங்க"ன்னான். அந்த இடத்துல நான் ஒரு சிரிப்பு சிரிப்பேன் பாரு. கண்ணாடிய கழட்டிட்டு சும்மா சிரிப்பேன். கிளாஸ் அப்படியே ஆடிப் போயிடும்.

அப்புறம் மேற்க புதுசு புதுசா மாநிலம் சேருது. அங்க அடிமை வெச்சுக்கலாமா கூடாதான்னு அண்ணன் தம்பிக்குள்ள தகராறு. ஆயிரத்து எண்ணூத்தி அறுபதுல லிங்கன் ஜெயிக்கறார். அவரு வந்து நாற்காலில ஒக்கார்றதுக்குள்ள தெக்க ஏழு மாநிலம் பிச்சுக்கிட்டு போயிடுச்சு. சண்டை ஆரம்பிச்சதும் இன்னும் நாலு. வடக்கத்திப் படை இருந்த சம்டர் கோட்டை மேல தெக்கத்திக்காரன் பீரங்கி போட்டான், மூண்டுச்சு. நாலு வருஷம். ஆறு லட்சம் பேருக்கு மேல செத்தான். லிங்கன் முதல்ல தேசம் உடையக் கூடாதுன்னுதான் சண்டைக்குப் போனாரு, அடிமைய விடுவிக்க இல்ல. பரீட்சைல அதை வெச்சுத்தான் மடக்குவான். நடுவுல, அறுபத்தி மூணு பொறக்கறப்ப, தெக்க பிரிஞ்சு போனவன்கிட்ட இருக்கற அடிமைங்க எல்லாம் இனிமே சுதந்திரம்னு அறிவிச்சாரு. அதுக்கப்புறம் சண்டைக்கு அர்த்தமே மாறிப் போச்சு. அறுபத்தி அஞ்சுல தெக்கத்திப் படை சரணடைஞ்சுது. ஒரு வாரத்துக்குள்ள நாடகம் பாக்கப் போன இடத்துல லிங்கனைச் சுட்டுட்டானுங்க. அந்த வருஷக் கடைசிலதான் தேசம் முழுக்க அடிமைமுறை ஒழிஞ்சுதுன்னு சட்டம். பதிமூணாவது திருத்தம்.

பாரு, எனக்கே புல்லரிக்குது. கையத் தொட்டுப் பாரு.

கொரோனாவுல டுடோரியலை மூடிட்டான். அதுலேருந்து செல்போன்ல பாடத்த வீடியோ எடுத்துப் போட ஆரம்பிச்சேன். அத நிறைய பேரு பாக்கறான். போனை யாரு புடிப்பா? ஸ்டாண்டு வாங்கினேன், ஃபேன் காத்துல சாஞ்சு போயிடுது. வேதவல்லிக்கு கை நடுக்கம். பொம்மிதான் புடிப்பா. வேலைய முடிச்சுட்டு வந்து எனக்கு எதிர்க்க ஸ்டூல் மேல நின்னுக்கிட்டு புடிப்பா. ஆடாம அசையாம, செலையாட்டம். எனக்கு ஒரு வார்த்தை தடுக்கினாலும் திரும்ப முதல்லேருந்துதான். உள்நாட்டுப் போர் பாடத்த மட்டும் எத்தனை தடவை எடுத்திருப்பேன்னு எனக்கே தெரியாது. ஒரு தடவை கூட கை வலிக்குதுன்னு சொன்னதில்ல. அவ்வளவு பொறுமை. அதுக்குத்தான் சொல்றேன், அவளா இதைப் பண்ணல. யாரோ தூண்டி விட்டிருக்காங்க. யாரு? செந்தாமரைதான்.

இல்லன்னா அன்னிக்கு பொம்மி கை எதுக்குத் தாழணும்? பாடம் நல்லா ஓடிக்கிட்டிருக்கு. ஒரு விஷயம் சொல்லிக்கிட்டிருந்தேன். தெக்கத்திக்காரன் பொண்ணுக்குக் கல்யாணம்னா, கட்டிலு, பீரோ, வெள்ளிச் சாமான் குடுக்கற மாதிரி, ஒரு அடிமைப் பொண்ணையும் சீரோட சேத்து அனுப்புவான். அந்தப் பொண்ணுக்கு அங்க ஆத்தா இருப்பா, தங்கச்சி இருக்கும். யாரும் அவளைக் கேக்க மாட்டான். பீரோவ யாராவது கேப்பானா, நீ போறியான்னு? நல்ல வரி இல்ல? குரல கம்மி பண்ணி, ஒவ்வொரு வார்த்தையா சொல்றேன். திடீர்னு பார்த்தா இவ கை தாழ்ந்து போச்சு. அப்புறம் ஏத்தறா, மேல ஏத்திட்டா. போட்டுப் பார்த்தா அந்த இடத்துல என் மூஞ்சியே இல்ல, ஃபேன் சுத்துது. "ஏய், தூங்கறியா?"ன்னு ஒரு அதட்டு அதட்டினேன். அந்தப் பாடத்த திரும்ப எடுக்கறதுக்கு அன்னிக்கு எனக்குத் தெம்பு இல்ல. அப்படியே போட்டுட்டேன். இப்பவும் இருக்கு, நீ போன்ல பாக்கலாம். அந்த வரி வரப்ப ஃபேன்தான் சுத்தும்.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைதான் எல்லாம்.

ஹேமா தலைப்பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தா. ஆம்பளப் புள்ள. கையும் காலும் அள்ளிக்கிட்டுப் போற மாதிரி. அஞ்சாம் மாசம் புள்ளைய மாமியார் வீட்டுக்கு அனுப்பணும் இல்ல? வரிசையோட அனுப்பணும். சம்பந்தி அம்பத்தூர்ல பெரிய இடம். கொஞ்சம் கொறைஞ்சாலும் ஜாடையா சொல்லிக் காட்டற ஆளுங்க. நான் ஒரு கொறையும் வெக்கல. தேக்குல தொட்டிலு, வெள்ளி அரைஞாண், பால் சங்கு, வசம்பு வளையல், பழம், சக்கரை, புள்ளைக்குத் துணி, ஹால் முழுக்க தாம்பாளத்துல பரப்பி வெச்சிருந்தேன். ஹேமாவும் ஆபீஸ் போகணும், மாப்பிள்ளையும் ஆபீஸ் போகணும், புள்ளைய யாரு பாப்பா? ஆயா வெச்சா நம்ப முடியுமா? அதனால பொம்மிய கூட அனுப்பறதுன்னு முடிவு பண்ணோம். நானும் ஹேமாவும் சேர்ந்துதான் முடிவு பண்ணோம். அதுகிட்ட என்ன தனியா கேக்கறது? குழந்தையத் தூக்கி வெச்சுக்கறதே அதுதான். ராத்திரி எல்லாம் தோள்ல போட்டுட்டு ஒலாத்தறதும் அதுதான். அதுக்கே ஆசையா இருக்கும்னு நெனச்சேன்.

சம்பந்தியம்மா ஒவ்வொரு தாம்பாளமா பார்த்துட்டு வராங்க. வெள்ளிய எடை பாக்கற மாதிரி தூக்கித் தூக்கி வெக்கறாங்க. பொம்மி அந்தப் பக்கமா குழந்தைய வெச்சுக்கிட்டு நிக்கறா. நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன், "இதோ எங்க பொம்மியும் உங்களுக்குத்தான் சம்பந்தி. வரிசையோட வரிசையா வெச்சுக்குங்க"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. சம்பந்தியம்மாவுக்கு அப்பத்தான் முகம் மலர்ந்துது. "பரவால்ல, நல்ல கைராசியான பொண்ணா இருக்கா"ன்னு அவ தாடையப் புடிச்சு இப்படி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாங்க.

பொம்மி என்ன பண்ணா தெரியுமா? குழந்தையக் கொண்டு போயி வேதவல்லி மடியில வெச்சா. வெச்சுட்டு வாசப் பக்கமா நடந்து வெளில போனா. பதினோரு வருஷத்துல அவ முன்வாசல் வழியா போயி நான் பாத்ததே இல்ல. எப்பவும் பின்கட்டுதான். நான் என்னமோ கோலத்துக்குப் பக்கத்துல வெச்ச எதையோ எடுக்கப் போறான்னு நெனச்சேன்.

பந்தி போட்டாச்சு. வடை வெச்சுட்டாங்க. சம்பந்தி சாம்பாருக்குக் கைய நீட்டறாரு. வாசல்ல ஒரு ஜீப்பு வந்து நிக்குது. எறங்கறா செந்தாமரை. அவ இப்போ ஆபீசர். தாலுகா ஆபீஸ்ல, பொண்ணுங்க, தொழிலாளிங்க, அது சம்பந்தமான ஏதோ ஒரு பிரிவு. என்னாலதான் அந்த நாற்காலி. போஸ்டிங் வந்தப்ப ஸ்வீட் பாக்ஸோட வந்து, சமையல்கட்டுல போயி பொம்மிகிட்ட ரொம்ப நேரம் பேசிட்டிருந்தா. எவ்வளவு எளிமையான பொண்ணுன்னு நானும் பூரிச்சுப் போயிருந்தேன். அங்க ஒக்காந்து எனக்குக் குழி பறிச்சிருக்கா பாரு. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் ஏது? பொம்மி அவ குவார்ட்டர்ஸுக்கே நடந்து போயி, இப்ப அதே ஜீப்புல பின்னாடி எறங்கறா.

செந்தாமரை செருப்பை வாசல்ல கழட்டினா. நேரா வந்தா. எல்லார் முன்னாடியும் என் கால்ல விழுந்து கும்பிட்டா. நானும் மடத்தனமா தலைய தொட்டு ஆசீர்வாதம் பண்ணேன். எந்திரிச்சு நின்னு கேக்கறா, "சார், இந்தப் பொண்ணுக்கு என்ன சம்பளம் குடுக்கறீங்க?"

சம்பந்தி நீட்டின கைய இழுத்துக்கிட்டாரு.

"சம்பளமா? மகளுக்கு எவனாவது சம்பளம் குடுப்பானா?"ன்னேன்.

"மகள எவனாவது வரிசைல வெச்சு அனுப்புவானா சார்?"ன்னா.

என் மூஞ்சிக்கு நேரா, சம்பந்தி முன்னாடி, எங்கிட்ட படிச்ச கழுதை. அதுக்கு பதிலு இப்போ எத்தனையோ வருது. ராத்திரி படுத்தா வரிசையா வருது. அதோட விட்டாளா? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம்னு ஆரம்பிச்சா. அது எந்த வருஷம்னு எனக்கே சொல்றா! எழுபத்தி ஆறுன்னு அவளுக்கு சொல்லிக் குடுத்தவனே நானு. குரூப் டூல அதை வெச்சுத்தான் அவ ஒரு மார்க்கு வாங்கினா. நான் சம்பந்தி பக்கம் திரும்பி, இது எல்லாம் பொறாமைல பண்றாங்க, நீங்க சாப்பிடுங்கன்னு கெஞ்சிக்கிட்டிருக்கேன். பின்னாடி செந்தாமரை கேக்கறா, "உன் பேரு என்னம்மா?"ன்னு. அவ ஏதோ சொன்னா. "அப்பா பேரு?" அதுவும் சொன்னா. அந்தப் பாவி மக வாயிலேருந்து அவ்வளவு சத்தமா ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்ல. ஆனா சம்பந்தி எலையை மடிச்சுட்டு எந்திரிக்கறாரு, நான் அவரைப் பார்ப்பனா, இவளைக் கேப்பனா? காதுல விழல.

ரெண்டு பேரும் ஜீப்புல ஏறிப் போயிட்டாங்க. வரிசைத் தட்டையும் விட்டுட்டு, ஹேமாவையும் புள்ளையையும் மட்டும் காருல ஏத்திக்கிட்டு சம்பந்தி போயிட்டாரு. ஹேமா இப்ப போன் பண்ணா எடுக்கறதில்ல. ஆயா கெடைக்கல, வேலைய விட்டுட்டாளாம். அது ஒரு பக்கம். வேதவல்லி? அவ எங்கிட்ட முகம் குடுத்துப் பேசறதையே நிறுத்திட்டா. சமையல்கட்டு அவளுக்கு, ஹால் எனக்கு. சோத்தை டேபிள் மேல வெச்சுட்டு உள்ள போயி கதவ சாத்திக்கறா. முப்பத்தி நாலு வருஷம் குடும்பம் நடத்தினவ. இப்ப தரைல, பொம்மி படுத்திருந்த எடத்துல படுக்கறா. ஏன்டின்னு கேட்டா, "இங்க ஃபேன் காத்தே வரல"ங்கறா. வயசாச்சு, புத்தி பிசகிப் போச்சு.

நான் விடுவனா? அந்தத் தோடு இருக்கே, சடங்குக்குப் போட்டது, அதைக் காதுல போட்டுக்கிட்டுத்தான் போயிருக்கா. போறும் எனக்கு. திருட்டுக் கேசு. வேதவல்லி சொல்றா, "நான் போட்டது, அவளுது, நீங்க எழுதிக் குடுத்தா நான் வந்து சாட்சி சொல்வேன்"னு. சொல்லட்டும். கட்டினவனுக்கு எதிரா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கோர்ட்டுல ஏறறான்னு பாக்கறேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்க ரைட்டர், அவனும் நம்ம ஸ்டூடண்டுதான், மரியாதையா சேர் போட்டான்.

"திருடினது யாரு சார்?"

"பொம்மி."

"முழுப் பேரு சார்?"

"பொம்மிதாம்பா. நாங்கதான் வெச்சோம். அவ பேரு என்னமோ, அவ ஆத்தா சொன்னா, வாயில நுழையல."

"அப்பா பேரு? ஆதார் நம்பர்?"

ஆதாருக்கு எல்லாம் எங்க போறது? ஹேமாவுக்கும் எங்களுக்கும் எடுத்தப்ப அவ வீட்டைப் பார்த்துக்கணும்னு விட்டுட்டுப் போயிட்டோம்.

"வயசு?"

"பத்தொம்பது இருக்கும்."

"எத்தனை வருஷமா உங்க வீட்ல இருந்துச்சு?"

"பதினோரு வருஷம்"னேன். பெருமையாத்தான் சொன்னேன். அவன் பேனாவ மூடி வெச்சுட்டான். "கழிச்சுப் பாருங்க சார்"ன்னான். "இதை நான் எழுதினா முதல்ல உங்களைத்தான் உள்ள ஒக்கார வெக்கணும். பேரு தெரியாத ஆள் மேல எப்படி சார் எழுதறது? தண்ணி குடிச்சுட்டு வீட்டுக்குப் போங்க"ன்னான்.

பாத்தியா? ஒருத்தி கண்ணு முன்னாடி நம்மள நாசம் பண்ணிட்டுப் போறா, அவளைப் புடிச்சுக் குடுக்க இந்த நாட்டுல ஒரு வழி இல்ல. அமெரிக்காவுலயாவது ஓடிப் போனவனைப் புடிச்சுக் குடுக்கணும்னு ஒரு சட்டம் இருந்துது. ஒளிச்சு வெச்சவனுக்கு அபராதம், ஜெயிலு. ச்சே, அந்தச் சட்டம் அநியாயமான சட்டம். அதை நான் கிளாஸ்ல கிழிகிழின்னு கிழிப்பேன். அது வேற. அங்க அடிமை. இங்க என்ன அடிமையா? நான் வளர்த்த பொண்ணு. வளர்த்தவனுக்கு உரிமை இல்லியா?

அதான் கெளம்பிட்டேன். மேல்கொட்டாய்ல அவ ஆத்தாவப் பார்க்கணும். பையில பொடவை இருக்கு, ஒரு கிலோ ஜாங்கிரி இருக்கு, பத்திரமும் எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன். என் பொண்ணை நானாத்தான் படிக்க வெக்கறதுக்காக சார் வீட்ல விட்டேன், சார் எந்தக் கொறையும் வெக்கல, செந்தாமரைங்கற ஆபீசர்தான் மனசைக் கலைச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா. அதுல ஒரு கைநாட்டு. பொண்ணோட பேரும் அப்பன் பேரும் அவளே சொல்லிடுவா. திங்கக்கிழமை கலெக்டர் முன்னாடி நிப்பேன். செந்தாமரை அந்த ஜீப்பை விட்டு எறங்கி, வெயில்ல நடந்து என் வீட்டு வாசலுக்கு வந்து அழணும். அழறதுல கெட்டிக்காரிதானே. மன்னிச்சுடுங்க சார்னு சொல்லணும். நான் கண்ணாடிய கழட்டிட்டு சிரிக்கணும். அதுக்கப்புறம் நான் செத்தாலும் பரவால்ல.

ஓடு போட்டுக் குடுத்தவன் சொன்னா அந்த ஆத்தாகாரி கைநாட்டு வெக்காம போயிடுவாளா? நீயே சொல்லு.

பாப்பாவுக்கு என்ன வயசு? ஏழா? பாரு, எவ்வளவு அடக்கமா ஒக்காந்திருக்கு. பிஸ்கட்டைக் கையில வெச்சுக்கிட்டே வருது, திங்கல. ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்காத. எங்க வீட்ல இப்போ ஆளு இல்ல. வேதவல்லியும் தரைல கெடக்கறா. ஹேமாவுக்கும் புள்ளையப் பார்த்துக்க ஒரு ஆளு கெடைச்சுட்டா சம்பந்தி வீட்ல எல்லாம் சரியாயிடும். பாப்பாவ எங்கிட்ட விடறியா? பள்ளிக்கூடத்துல சேத்து விடறேன். மகளாட்டம் பாத்துப்பேன். உன் வீட்டுக்கு என்ன வேணும் சொல்லு, ஓடா, தகரமா? எது வேணும்னாலும் பண்ணிக் குடுக்கறேன்.

என்னது? பெரியவளை இன்னிக்குக் காலைலதான் விட்டுட்டு வரியா? போளூர்லயா? யாரு வீட்ல? அரிசி மில்லுக்காரர் வீட்லயா! தெரியுமே எனக்கு, நல்ல மனுஷன். அவங்க வீட்டம்மாதான் கொஞ்சம் கை நீட்டுவாங்க. ஆனா அடிச்சாலும் நல்லதுக்குத்தான் அடிப்பாங்க. பெரியவளுக்கு என்ன வயசு? பத்தா? சரியான வயசு. சொன்னதை சட்டுனு புடிச்சுக்கும். ஏன் கண்ணைத் தொடைச்சுக்கற? ஆம்பளை அழலாமா? போகப் போகப் பழகிடும். அழுதுச்சா? பின்னாடியே ஓடி வந்துச்சா பஸ்ஸுக்கு? அப்படித்தான் முதல்ல எல்லாம். பொம்மியும்தான் கேட்டைப் புடிச்சுக்கிட்டு மூணு நாள் நின்னா.

என்ன கேட்ட? பேரா? யாரு பேரு, பொம்மியா? ஓ, ஆபீசர் பேரு. செந்தாமரைப்பா. செந்தாமரை. எதுக்கு?

ஆங்! அப்படிக் கேளு! நியாயமான மனுஷன்யா நீ. இவ்வளவு நேரம் கேட்டதுக்கு உனக்காவது ரத்தம் கொதிச்சுதே. சொல்றேன் கேளு. போளூர் தாலுகா ஆபீஸ். உள்ள போனதும் இடது கைப் பக்கம் படி. மேல ஏறினா ரெண்டாவது ரூமு, வெளில ஒரு உடைஞ்ச பெஞ்சு இருக்கும், வாசல்ல பேர் எழுதி மாட்டியிருக்கும். படிக்கத் தெரியலன்னா என்ன, யாரை வேணும்னாலும் கேளு. சாயங்காலம் வரைக்கும் இருப்பா. பியூன் உள்ள விடலன்னாலும் பயப்படாத, அவளே எழுந்து வெளில வருவா. ஏழைங்கன்னா அப்படியே உருகிடுவா, நடிப்பு! நீ முந்திக்கறது நல்லதுதான். இல்லன்னா உன் பெரியவளையும் அவ கெடுத்துடுவா, அரிசி மில்லுக்காரர் வீட்டு வாசல்லயும் ஜீப்பு வந்து நிக்கும். நேருக்கு நேரா நின்னு, நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேளு. பொண்ணைப் பெத்தவன் கேட்டாத்தான் அவளுக்கு ஒறைக்கும்.

அட, இப்பவேவா? இங்கயே எறங்கறியா? இது செக்போஸ்ட்டுப்பா, உன் ஊரு இல்ல. மலை ஏறிட்டு நாளைக்குப் போயேன். சரி சரி, உன் இஷ்டம். கண்டக்டர், ஆளு எறங்குது, நிறுத்துங்க! மூட்டைய நான் எடுத்துக் குடுக்கறேன், புடி. பாப்பா பத்திரம். பாப்பா, தாத்தாவுக்கு டாட்டா சொல்லு. சொல்லாதா? போகட்டும்.

ஏம்ப்பா! ஓடாத, ரோட்டைப் பார்த்துத் தாண்டு! கீழ போற பஸ் வளைவுல வருது பாரு, கைய காட்டு, நிப்பாட்டுவான்! மாடியில, ரெண்டாவது ரூமு! விட்டுடாத அவளை! தீனதயாளன் சார்தான் அனுப்பி வெச்சாருன்னு சொல்லு!